நேரலையாரின் நான்கு வரிகள்

மனித குல வரலாற்றை இரண்டு காலங்களாகப் பிரித்துவிடலாம். யாரும் பார்க்காமல் வேலை செய்த காலம். எல்லோரும் பார்க்க வேலை செய்யும் காலம். சக்கரம், நெருப்பு, கண்ணாடி, தையல் ஊசி எல்லாம் முதல் காலத்தில் வந்தவை. அவற்றைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. காரணம் எளிது. அவர்கள் நேரலையில் வரவில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்த அந்த அப்பாவி, அதை உருட்டுவதற்கு முன்னால் 'வணக்கம் நண்பர்களே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு அவருக்குச் சிலை இருந்திருக்கும்.

நம் நேரலையார் அந்தத் தவறைச் செய்யவில்லை.

'நேரலையார்' என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல, அலுவலகம் வைத்தது. ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் மென்பொருள் எழுதித் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவர் மூத்த நிரலாளர். வீட்டிலிருந்தே வேலை. எட்டுக்குப் பத்து அறை, ஒரு மேஜை, இரண்டு திரை, வட்ட விளக்கு ஒன்று, தட்டினால் பக்கத்துத் தெரு வரை கேட்கும் விசைப்பலகை ஒன்று. இந்த ஆயுதங்களோடு செவ்வாய், வியாழன், சனி மாலை ஆறு மணிக்குக் கேமரா முன் உட்கார்ந்து நிரல் எழுதுவார். உலகம் பார்க்கும்.

உலகம் என்றால் ஆரம்பத்தில் மூன்று பேர். ஒருவர் அவரே, போனில் வேறொரு பெயரில் வந்து எண்ணிக்கையைக் கூட்டினார். இரண்டாமவர் 'தூக்கம் வரலை' என்ற பெயரில் நுழைந்து ஐந்தாவது நிமிடமே தூங்கிப்போனவர். மூன்றாமவர் பெயர் 'அரைப்புள்ளி'. அவர்தான் முப்பத்தோராவது வரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினார்.

அன்றைக்கு நேரலையாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அந்த அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் கேட்ட ஒரே மனித அரவம், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். எழுதிய நிரல் ஓடினால் யாரும் பாராட்ட மாட்டார்கள்; ஓடாவிட்டால் மட்டும் போன் வரும். இப்போது முகம் தெரியாத ஒருவர் அவருடைய முப்பத்தோராவது வரியைப் படித்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் எழுதிய ஒரு வரியைக்கூட இன்னொரு மனிதப் பிறவி விரும்பிப் படித்ததில்லை.

வேறு பயனும் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் வாய்விட்டு விளக்கம் சொல்லும்போது பாதித் தப்பு தானாகப் பிடிபட்டது. நடுவில் எழுந்து போய்ப் படுக்க முடியவில்லை. மூக்கைக்கூட யோசித்துத்தான் சொறிய வேண்டியிருந்தது. முதல் இரண்டு மாதம் அவர் வாழ்க்கையிலேயே அதிகமாக வேலை செய்த மாதங்கள். இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நமக்குப் பாவம் வரும்.

பார்வையாளர்கள் முந்நூறைத் தொட்டபோது நிறுவனம் விழித்துக்கொண்டது. காணொளிக் கூட்டம் ஒன்று 'அவசரமாக' கூட்டப்பட்டு, பொருள் ஒன்று, பொருள் இரண்டு என்று விவாதம் நடந்தது. ஒருமுறை அவர் கடவுச்சொல்லை உலகறியத் தட்டிவிட்டதும், பார்வையாளர்கள் அதைப் பரிசீலித்து நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் கொடுத்ததும் பொருள் ஒன்று.

"நீங்க வேலை பாக்கறதை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. வேற யாராவது பாக்கறாங்கன்னா நல்லதுதானே," என்றார் மேலாளர் கடைசியில்.

பொருள் இரண்டு தேவைப்படவில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் அன்றே 'வெளிப்படைத்தன்மை எங்கள் மூச்சு' என்ற வாசகம் ஏறியது.

ஆனால் வெளிப்படைத்தன்மையில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. நிரலில் பிழை தேடுவது என்பது, உள்ளபடியே காட்டினால், ஒரு மனிதன் நாலு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். நாலாவது மணி நேரத்தில் 'அடச்சே' என்பான். அவ்வளவுதான் கதை. ஒரு வியாழக்கிழமை நேரலையார் இப்படி நேர்மையாகச் சுவரைப் பார்த்ததில் நானூற்றுப் பத்துப் பேர் நாற்பதாகக் குறைந்தார்கள். அந்த நாற்பதில் ஒருவர், "அண்ணா படம் நின்னுபோச்சா, இல்ல நீங்களே நின்னுட்டீங்களா?" என்று கேட்டிருந்தார்.

அன்றுதான் அவர் 'மறுகண்டுபிடிப்பு' என்ற முறையைக் கண்டுபிடித்தார்.

முறை இதுதான். பிழையை முதலில் பகலில், கேமரா இல்லாமல், கைலியோடு உட்கார்ந்து கண்டுபிடித்துவிட வேண்டும். திருத்திய நிரலைத் தனிக் கிளையில் பத்திரமாக ஒதுக்கி வைக்க வேண்டும். கிளை என்பது, மூல நிரலைத் தொடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் நகல். அப்புறம் மாலை ஆறு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு, பழைய பிழையோடு இருக்கும் நிரலைத் திறந்து, உலகத்தின் முன்னால் அதே பிழையை மறுபடி தேட வேண்டும். இருபதாவது நிமிடம் ஒரு தவறான சந்தேகம். நாற்பதாவது நிமிடம் விரக்தி; கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பது. ஐம்பத்திரண்டாவது நிமிடம் மோவாயில் கை. ஐம்பத்தெட்டில், "ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்."

இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கலாம். நேரலையார் அப்படி நினைக்கவில்லை. கண்டுபிடித்தது உண்மை, நிரல் உண்மை, விரக்தியும் ஒருகாலத்தில் உண்மையாக இருந்ததுதான். நேரத்தை மட்டும் பார்வையாளர் வசதிக்காக நகர்த்தியிருக்கிறார். பார்வையாளர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். 'பழைய லேப்டாப்' என்ற அன்பர், தன் தம்பிக்கும் இந்த மாதிரி ஒரு மூளை இருந்திருக்கலாம் என்று எழுதினார்.

இனி அவர் மனைவிக்கு வருவோம். நேரலையாரும் அவளிடம் எப்போதும் கடைசியாகத்தான் வருவார்.

அவள் ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் ஜன்னலில் இருக்கிறாள். இரண்டாம் ஜன்னல். பதினோரு வருஷம். பொத்தானை அழுத்தினால் எண்ணும் நேரமும் அச்சான சீட்டு வரும். அதைக் கிழித்துக் கொடுத்து, எந்த அறை, எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு திங்கட்கிழமை காலை அங்கே நின்று பார்க்கலாம். இருமலை வைத்தே ஆளைச் சொல்வாள். யாரை உட்காரவைக்க வேண்டும், யாருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும், யார் பொய்யாக முனகுகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. வருபவர்கள் 'டோக்கன் அக்கா' என்பார்கள், அவளைவிட வயதானவர்கள் உட்பட.

அந்த ஆஸ்பத்திரிக்கு டோக்கன் மென்பொருள் எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று வாரமாக ஒரு விபரீதம் நடந்துவந்தது. ஒரே எண் இரண்டு பேருக்குப் போனது. மருத்துவர் அறை வாசலில் இரண்டு நாற்பத்தேழுகள் சீட்டைக் காட்டி மல்லுக்கு நின்றார்கள். ஒரு நாற்பத்தேழு எழுத்தில் புகார் கொடுத்தார்: இரண்டாம் ஜன்னல் அம்மாள் வேண்டப்பட்டவர்களுக்கு இரட்டை டோக்கன் போட்டுக் கொடுக்கிறார். நிர்வாக அதிகாரி அதை நம்பினார். மனிதர் தவறு செய்வார், இயந்திரம் செய்யாது என்பது அவருடைய கொள்கை. அவர் இயந்திரம் எதையும் எழுதியதில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை என்று ஓலை வந்துவிட்டது. குற்றம் உறுதியானால் ஜன்னல் போய்விடும். பணிப் பதிவேட்டில் ஒரு வரியும் ஏறும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்றாள்.

"ஏங்க, உங்க மெஷின்தான் தப்பு பண்ணுது. நான் ஒரு தடவைதான் அழுத்தறேன்."

"மென்பொருள் அப்படியெல்லாம் பண்ணாதுமா."

"அப்ப நான் பண்றேனா?"

நேரலையார் அந்தக் கேள்வியில் இருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கே பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். இது முக்கியம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பிழை பிடிபட்டது. அழகான பிழை. இரண்டு ஜன்னல்களிலும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால், இரண்டு கணினியும் 'கடைசி எண் நாற்பத்தாறு' என்று படித்துக்கொண்டு, ஆளுக்கொரு நாற்பத்தேழை அச்சடித்துவிடும். கூட்டம் குறைவாக இருந்தவரை இது நடக்கவில்லை. இப்போது கூட்டம் கூடிவிட்டது. ஒரு ஜன்னல் எண்ணை எடுத்து முடிக்கும்வரை இன்னொன்றைக் காத்திருக்கச் சொன்னால் போதும். நான்கு வரிகள். நேரலையார் எழுதினார், ஓட்டிப் பார்த்தார், சீட்டியடித்தார். பதினொன்று இருபதுக்குத் தனிக் கிளையில் சேமித்தார். ஒரே ஒரு பொத்தானைத் தட்டினால் மூலத்தில் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

விரல் பொத்தான் மேல் நின்றது.

ஏனென்றால் முந்தின நாளே அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தார். 'இந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஒரே எண், இரண்டு நோயாளி. மூன்று வாரமாகத் தப்பித்துவரும் குற்றவாளியை உங்கள் கண்முன்னால் பிடிக்கப்போகிறோம்.' எண்ணூறு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். குற்றவாளியை இப்போதே அனுப்பிவிட்டால் சனிக்கிழமை யாரைப் பிடிப்பது? அன்று மாலையே செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பு ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். செவ்வாய்க்கிழமை கூட்டம் சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிகூட இருக்காது. இது புள்ளிவிவரம்.

உடனே அறையில் ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. தலைமை நேரலையார், உறுப்பினர் நேரலையார். விசாரணை வெள்ளிக்கிழமை, ஒளிபரப்பு சனிக்கிழமை. இடையே இருப்பது ஒரே ஒரு நாள் என்பது கவனத்தில் கொள்ளப்பட்டது. ஆயிரம் பேர் முன்னால் மென்பொருள்தான் குற்றவாளி என்று நிரூபிப்பது, சம்பந்தப்பட்ட ஊழியருக்கு ஒரு மூடிய அறையில் கிடைப்பதைவிடப் பெரிய விடுதலை என்றும் கருதப்பட்டது. திருத்தத்தைச் சனிக்கிழமை வரை ஒத்திவைக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியவள் அப்போது இரண்டாம் ஜன்னலில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை இரண்டு பன்னிரண்டுகளும் இரண்டு எண்பத்து மூன்றுகளும் வந்தார்கள். அன்று சாயங்காலம் அவள் ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து வைத்தாள். மென்பொருளில் கோளாறு இருக்க வாய்ப்பிருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொன்னாள். வாய்ப்பு என்று எழுதினால்கூடப் போதும், விசாரணையைத் தள்ளிவைப்பார்கள் என்றாள்.

"உறுதியாத் தெரியாம எழுதித் தர்றது தொழில் தர்மம் இல்லமா. தேடிட்டே இருக்கேன்."

"கிடைக்குமா?"

"கிடைக்கும். எனக்கு ஒரு உள்ளுணர்வு இருக்கு."

அவள் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை அவள் ஒன்றும் கேட்கவில்லை. நேரலையார் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு, அன்றைய ஒளிபரப்பில் சனிக்கிழமை வேட்டைக்கான முன்னோட்டத்தைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை விசாரணை பதினேழு நிமிடம் நடந்தது. கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. 'வேண்டப்பட்டவர்களுக்குச் சாதகமாக இரட்டை டோக்கன் வழங்கியது' என்று பதிவேட்டில் ஒரு வரியும் ஏறியது. வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னாள். உன்கிட்ட வேண்டப்பட்டவங்க யாரு வந்தாங்கன்னு அவங்க கேட்டாங்க, எனக்கு ஒரு பேரும் ஞாபகம் வரல என்றாள்.

நேரலையார், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். இன்னும் இருபத்தைந்து மணி நேரம்தான். இவ்வளவு தூரம் வந்தபின் உடைப்பது பார்வையாளர்களுக்குச் செய்யும் துரோகம். "நாளைக்கு நேரலையைக் கட்டாயம் பாரு," என்று மட்டும் சொன்னார்.

பார்த்தாள்.

சனிக்கிழமை நேரலையார் உச்சத்தில் இருந்தார் என்று அன்று பார்த்த ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சாட்சி சொல்வார்கள். இருபதாவது நிமிடம் அச்சு இயந்திரத்தின் மேல் சந்தேகப்பட்டார். நாற்பதில் கண்ணாடியைக் கழற்றினார். "நண்பர்களே, இந்தத் தப்பால யாரோ ஒருத்தர் எங்கேயோ திட்டு வாங்கிட்டு இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தத் தேடல்," என்றபோது குரல் உடைந்தது. 'பழைய லேப்டாப்' அழும் முகங்கள் ஏழு போட்டார். ஐம்பத்தெட்டாவது நிமிடம், ஒரே ஒரு நிமிஷம். நான்கு வரிகளும் கைதட்டலுக்கிடையே பிறந்தன.

பரவசத்தில் ஒரு சின்னக் காரியம் பிசகியது. தட்டிய நான்கு வரிகளைச் சேமிப்பதற்குப் பதிலாக, பழக்கதோஷத்தில் அவர் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்த கிளையை எடுத்து மூலத்தோடு சேர்த்துவிட்டார். திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது: கிளையின் பெயர் 'சனிக்கிழமைக்கு', சேமித்தது செவ்வாய், 11:20. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கைதட்டிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

அவர்களில் ஒருத்திக்கு மட்டும் சீட்டின் ஓரத்தில் இருக்கும் நேரத்தைப் படிப்பது பதினோரு வருஷத் தொழில்.

விளக்கை அணைத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது அவள் சாப்பாட்டு மேஜையில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை பதினொண்ணு இருபதுக்கே தெரியுமா?"

கிளை என்பது என்ன, மூலம் என்பது என்ன, தேதி ஏன் சில சமயம் பொருத்தமில்லாமல் காட்டும் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். டோக்கன் தொலைந்துபோச்சு என்று தினமும் நாற்பது பேர் சொல்லும் கதையைக் கேட்கும் அதே பொறுமை.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. இன்று கண்டுபிடித்ததை வைத்து ஒன்றும் நடக்காது என்று விளக்கினாள். விசாரணைக்குப் பின் கிடைக்கும் சான்றை ஏற்பதில்லை என்பது ஆஸ்பத்திரி விதி. கோளாறு விசாரணைக்கு முன்பே தெரிந்திருந்தது என்று எழுதியவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும், உத்தரவை நிறுத்திவைப்பார்கள். மேல்முறையீடு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுங்கள் என்றாள்.

நேரலையார் தர்மசங்கடத்தில் ஆழ்ந்தார். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்று எழுதிக் கொடுத்தால் சனிக்கிழமை நடந்தது என்ன என்று கேள்வி வரும். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரின் நம்பிக்கை ஒரு பக்கம், ஒரு ஜன்னல் ஒரு பக்கம். இதை அவளிடம் மிகவும் நிதானமாக எடுத்துச் சொன்னார். என் நம்பகத்தன்மை என்ன ஆகறது என்றார்.

"அந்த ஆயிரத்து நானூறு பேர்ல நானும் ஒருத்திதானே. சாட்லயே கேக்கறேன். எல்லாரும் சேந்து பதில் சொல்லட்டும்," என்றாள்.

அந்த ராத்திரி அவர் தூங்கவில்லை. விடியும்போது மனசாட்சி விழித்துக்கொண்டது. கூடவே ஒரு தலைப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே அறிவிப்பு போய்விட்டது: 'சிறப்பு நேரலை. என் தவறு. முதல்முறையாக, ஒத்திகை இல்லாமல்.'

ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள். கண்டுபிடிப்புக்கு ஒருபோதும் வராத கூட்டம். நேரலையார் கண்ணாடியைத் தொடவே இல்லை. செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது, நான்கு வரி, சனிக்கிழமைக்காகக் காத்திருந்தது, வீட்டுக்குள்ளேயே ஒருத்தி அதனால் ஜன்னலை இழந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். 'மறுகண்டுபிடிப்பு' முறையைப் படம் போட்டு விளக்கினார். சொல்லச் சொல்ல அவருக்கே உண்மையாக அழுகை வந்தது. அழுகை வந்ததும் சற்றே விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். 'இவ்வளவு நேர்மையான மனுஷனை நான் பார்த்ததே இல்லை' என்று 'அரைப்புள்ளி' எழுதினார். மேலாளர் நடுவில் நுழைந்து, இதுதான் எங்கள் மூச்சு என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனார். மனைவியையும் கேமரா முன்னால் கூப்பிடச் சொல்லி எழுநூறு பேர் கேட்டார்கள். அவள் வரவில்லை. உள்ளே கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒளிபரப்பு முடிந்ததும் கடிதத்தையும் பேனாவையும் அவர் மேஜையில் வைத்தாள். நிர்வாக அதிகாரிக்கு ஆறே வரி. கோளாறு மென்பொருளில் இருந்தது. அது செவ்வாய் 11:20க்கே எனக்குத் தெரியும். ஊழியர் மேல் தவறில்லை. கீழே ஒரு கோடு.

நேரலையார் படித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுடறேன்."

"எதை?"

"கையெழுத்தை. இன்னிக்கு மன்னிப்பு, நாளைக்குப் பரிகாரம். எல்லாரும் அதைத்தான் கேட்டுட்டு இருக்காங்க."

"மேல்முறையீடு காலைல பத்து மணிக்குள்ளங்க."

"அதுக்குள்ள ஒரு அறிவிப்புக்குக்கூட நேரம் இல்லையேமா. சும்மா இப்படி உக்காந்து கையெழுத்துப் போட்டா யாருக்குத் தெரியும்?"

இதை அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே அது விளங்கவில்லை. பேனாவைக் கையில் எடுத்தார், கேமராவைப் பார்த்தார், அது அணைந்திருந்தது, பேனாவைக் கீழே வைத்தார். இரண்டாவது தடவையும் எடுத்தார், வைத்தார். கை வரவில்லை. மூன்று வாரம் மருந்து தின்றவனுக்குத் தண்ணீர் கசப்பதைப்போல, யாரும் பார்க்காத காகிதம் அவருக்கு வெறும் காகிதமாகவே இருந்தது.

அவள் போய் வட்ட விளக்கைப் போட்டாள். தன் போனை எடுத்து, அதன் முதுகை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

நேரலையார் உடனே நிமிர்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். கண்ணில் ஒளி வந்தது.

"வணக்கம் நண்பர்களே. அறிவிப்பு இல்லாம வந்ததுக்கு மன்னிக்கணும். சில விஷயங்களைத் தள்ளிப்போட முடியாது. ஒரு மனுஷனோட வாழ்க்கையில அவன் எழுதற எல்லா வரியையும்விட முக்கியமான ஒரு வரி இருக்கு. அது அவனோட கையெழுத்து." இரண்டு விநாடி இடைவெளி விட்டார். பேனாவை எடுத்து மெதுவாக, போனுக்குத் தெளிவாகத் தெரியும்படி சற்றுச் சாய்ந்து, முழுப் பெயரையும் எழுதி, கீழே தேதி போட்டார். காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். தேதியைச் சரிபார்த்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துப் பையை மூடினாள்.

அவர் இன்னும் புன்னகையைக் கலைக்கவில்லை. உதட்டை அதிகம் அசைக்காமல், போனுக்குப் பின்னால் இருப்பவளிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"எத்தனை பேர் பாக்கறாங்க?"

"ஒருத்தி."

நேரலையாரின் முகம் வாடியது.

"ஒருத்திதானா? யாரு அது?"